பிள்ளைகளோடு சேர்ந்து ஓடியாட: பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி கற்பிக்கிறேன். பெற்றோர் சந்திப்பு நாளில் மதிப்பெண் பற்றிப் பேசி முடித்ததும், பல பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பது பிள்ளையின் உடம்பைப் பற்றித்தான். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பிள்ளைக்கு நோய் ஏதும் இருந்தால் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளை தினமும் எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும். வாரத்தில் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் பலம் சேர்ப்பதாக அது இருக்க வேண்டும். குதிப்பது, ஏறுவது, தொங்குவது, இழுப்பது, கயிறு தாண்டுவது எல்லாம் இதில் சேரும். அறுபது நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டியதில்லை. காலையில் பதினைந்து, பள்ளி இடைவேளையில் பத்து, மாலையில் முப்பத்தைந்து என்று பிரிந்து வந்தாலும் கணக்கு கணக்குதான்.

அளந்து பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். விளையாடும்போது பிள்ளையால் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது நல்ல வேகம். நாலு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் அது கடுமையான வேகம். இரண்டுமே வேண்டும்.

பள்ளியில்தான் உடற்கல்வி இருக்கிறதே, போதாதா?

போதாது. அதைக் கற்பிப்பவனே சொல்கிறேன். வாரத்தில் சில பாடவேளைகள்தான் கிடைக்கின்றன. அதிலும் உடை மாற்ற, வரிசையில் நிற்க, முறை வரும்வரை காத்திருக்க என்று பாதி நேரம் போய்விடும். மழை பெய்தால் வகுப்பறையோடு சரி.

“போய் விளையாடு” என்றால் நகர மாட்டேன் என்கிறான். கைப்பேசியைப் பிடுங்கினால் அழுகை. என்ன செய்வது?

பெற்றோர் என்னிடம் மிகுதியாகக் கேட்பது இதைத்தான். என் பதில் எப்போதும் ஒன்றே: “போ” என்று சொல்லாதீர்கள், “வா” என்று சொல்லுங்கள்.

பத்து வயதுப் பிள்ளை தனியாகக் கீழே இறங்கிப் போய் யாரோடு விளையாடும்? நம் காலத்தில் தோட்டத்திலும் கம்பத்திலும் (கிராமத்திலும்) வாசலைத் தாண்டினால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். இன்று ஃப்ளாட் வாசலில் இருப்பது கார்கள்தான். கைப்பேசியில் கூட்டாளிகள் இருக்கிறார்கள், வெளியே இல்லை. அந்த இடத்தை நிரப்ப முதலில் கிடைக்கக்கூடியவர்கள் அப்பாவும் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும்தான்.

தைப்பூசத்தன்று பாருங்கள். கடைக்கு நடந்து வரச் சொன்னால் கால் வலிக்கிறது என்கிற அதே பிள்ளை, ஜார்ஜ்டவுனிலிருந்து முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரம் வரை நடந்துவிடுகிறது. யாரும் அதட்டவில்லை. எல்லாரும் நடக்கிறார்கள், அதனால் அதுவும் நடக்கிறது. வழியில் தண்ணீர்ப்பந்தல் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. இதையே சிறிய அளவில் வாரத்துக்கு நாலு முறை வீட்டில் உண்டாக்க முடியுமா என்று யோசியுங்கள்.

கைப்பேசியைப் பொறுத்தவரை, பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். ஆறு மணி ஆனதும் வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே தட்டில் போய் உட்கார வேண்டும், உங்களுடையதும்தான். அப்பா சோபாவில் வீடியோ பார்த்துக்கொண்டே மகனை விரட்டினால் மகன் எதைக் கற்றுக்கொள்வான் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். “வீட்டுப்பாடம் செய்யலையா, இருபது போடு” என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, உடற்பயிற்சி என்றாலே அவமானம் என்று மனதில் பதிந்துவிடும். சில பள்ளிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எந்த நேரம் நல்லது? இங்கே வெயில் கொளுத்துகிறதே?

மாலை ஆறு மணி முதல் ஏழேகால் வரை. இந்த விஷயத்தில் நமக்கு வாய்த்த வசதி சாதாரணமானதல்ல. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். நாடு முழுமைக்கும் ஒரே நேரம் என்பதால் மேற்கோரத்தில் இருக்கும் பினாங்கில் சூரியன் தாமதமாகத்தான் மறைகிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். சில மாதங்களில் ஏழரையையும் தாண்டும். வெயில் இறங்கிவிடும், வெளிச்சம் மட்டும் இருக்கும். இந்த ஒரு மணி நேரத்தைத் தொலைக்காட்சித் தொடருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உச்சிவெயில் இங்கே பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகால் வாக்கில்தான் வருகிறது. ஆகவே காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை திறந்த வெளியைத் தவிர்ப்பது நல்லது. சனி ஞாயிறு காலையில் போவதானால் ஏழரைக்கே கிளம்பிவிடுங்கள்.

நாங்கள் இருவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் நிற்கவே தெம்பில்லை. எங்களால் எப்படி முடியும்?

உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவரிடம் “பூப்பந்து ஆடப் போங்கள்” என்பது நியாயமில்லை.

முதலில், வேலை நாளையும் ஓய்வு நாளையும் ஒன்றாக வைத்து யோசிக்காதீர்கள். வேலை நாளில் பத்து நிமிடம் போதும். சாப்பிட்டுவிட்டுக் கடைவரிசை வரை பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு நடை, அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில் பள்ளிக் கதையெல்லாம் வந்துவிடும். ஓய்வு நாளில் ஒன்றரை மணி நேரம் வெளியே போங்கள். சராசரி என்றுதான் வழிகாட்டியே சொல்கிறது.

அடுத்து, ஷிஃப்ட் அட்டவணை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அல்லவா? அதன் பக்கத்திலேயே பிள்ளையின் கையால் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்: எந்த நாள் அப்பாவோடு, எந்த நாள் அம்மாவோடு, எந்த நாள் தாத்தாவோடு. தானே எழுதியதைப் பிள்ளை மறப்பதில்லை. நீங்கள் மறந்தாலும் ஞாபகப்படுத்தும்.

மூன்றாவது, பக்கத்து வீட்டோடு முறை வைத்துக்கொள்வது. ஒரே தளத்தில் நாலு குடும்பம் இருந்தால், ஒரு நாளைக்கு ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போகலாம். மலாய், சீனக் குடும்பங்களும் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்கு ஆட்டம்தான் மொழி.

இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் மட்டும் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கும் கிளம்பாதீர்கள். முதலில் தூங்குங்கள்.

நாங்கள் இருப்பது பதினெட்டாவது மாடி. கீழே திடலும் இல்லை. வீட்டுக்குள் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். ஒரு பலூன் போதும், தரையில் விழாமல் நாலு பேரும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டுப் போட்டு ஆடலாம். பாட்டு நின்றதும் சிலையாக வேண்டும். மாஸ்கிங் டேப்பால் தரையில் நொண்டிக் கட்டம் போடலாம். கோலாட்டக் குச்சி இருந்தால் எடுங்கள். ஏழு மணிக்கு முன்னால் ஆடினால் கீழ்வீட்டுக்காரரும் பொறுத்துக்கொள்வார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

மாடிப்படி இன்னொரு வழி. மின்தூக்கியில் மூன்று மாடி முன்னதாக இறங்கி ஏறிப் போங்கள். இறங்கும்போதுதான் வழுக்கும் என்பதால் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடைவழியில் ஓடிப்பிடித்து மட்டும் வேண்டாம், தடுப்புச்சுவர் தாழ்வாக இருக்கும் இடங்களில் ஆபத்து.

குடும்பத்தோடு எங்கே போகலாம்? காசு அதிகம் செலவாகக் கூடாது.

பினாங்கில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குச் சந்தோஷமான வேலை.

தாவரவியல் பூங்கா எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1884இல் தொடங்கப்பட்டது, நுழைவு இலவசம். சிறு பிள்ளைகளோடு நடக்க, கிட்டத்தட்டச் சமதளமான வட்டப்பாதை இருக்கிறது. குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையில் தின்பண்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் பறித்துவிடும். பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள். குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது, அது அதைச் சண்டைக்கு அழைப்பதாக நினைக்கும். உணவு கொடுப்பதும் கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்டது.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசக் கூட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு ஏறிப் பாருங்கள். பெரியவன் எண்ணிக்கொண்டு வரட்டும், சின்னவள் ஐம்பதுக்கு ஒரு முறை உட்காரட்டும். உச்சியில் சாமி கும்பிட்டு, நகரத்தைப் பார்த்துவிட்டு இறங்கலாம். வழிபாடும் ஆயிற்று, தொடைக்கும் வேலை கொடுத்தாயிற்று. வாரம் ஒரு முறை இப்படிப் போகும் குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டி நாளில் மூச்சு வாங்காமல் ஓடுகிறார்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பினாங்கு மலை. தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து மேலே போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், நல்ல செங்குத்து. முதல் தடவையே உச்சிக்குப் போக வேண்டியதில்லை. பாதி வழி போய்த் திரும்பினாலும் போதும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறி முடித்தால், இறங்குவதற்கு ரயிலில் அழைத்துப் போங்கள். ஏறிய களைப்புக்கு அந்த ரயில் பயணம் தனி மகிழ்ச்சி.

தெலுக் பஹாங்கில் 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. காட்டு வழியாக நடந்து கேராச்சுட் கடற்கரைக்குப் போனால் அங்கே ஆமைப் பாதுகாப்பு நிலையம் உண்டு. திரும்பும்போது பிள்ளைகள் சோர்ந்துவிட்டால் படகு எடுக்கலாம். படகுக்குக் கூலி கொஞ்சம் ஆகும், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கடலில் நீந்த மட்டும் விடாதீர்கள்.

வார நாள் மாலைக்கு யூத் பார்க், எஸ்பிளனேட் திடல், குவீன்ஸ்பே கடலோரம். தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறை பக்கம் இருப்பவர்களுக்குப் புக்கிட் மெர்தாஜம் செரோக் தோக்குன். ஆனாலும் நான் முதலில் பரிந்துரைப்பது உங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே), ஐந்து நிமிட நடையில் இருக்கும் திடலைத்தான். அழகான இடத்துக்கு மாதம் ஒரு முறை போவதைவிட, சாதாரண இடத்துக்கு வாரம் நாலு முறை போவதே பிள்ளையின் உடம்பில் தெரியும்.

சிலம்பம், பரதம், நீச்சல் என்று வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அது போதும்தானே?

நல்ல காரியம், தொடருங்கள். சிலம்பம் கற்கும் பிள்ளைக்குத் தோளும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யும். ஆனால் வாரம் இரண்டு வகுப்பு என்றால் ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது நீங்கள் காரில் உட்கார்ந்திருக்காமல், அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடங்கள். வீட்டுக்கு வந்ததும் “இன்றைக்குக் கற்றுக்கொண்டதை எனக்குச் சொல்லிக்கொடு” என்று கம்பை வாங்கிப் பிடியுங்கள். பிள்ளை வாத்தியாராகும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பினாங்கில் 1983இல் பிறந்த நிக்கோல் டேவிட் 2006 முதல் 2015 வரை ஸ்குவாஷில் உலகின் முதல் இடத்தில் இருந்தார், எட்டு முறை உலக வெற்றியாளரானார். அவருடைய அக்காமார் இருவரும் ஸ்குவாஷ் ஆடியவர்களே. வீட்டில் சேர்ந்து ஆட ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்காகச் சொல்கிறேன். எல்லாப் பிள்ளையும் உலக வெற்றியாளராக வேண்டும் என்பதற்காக அல்ல.

மகள் வெயிலில் விளையாடினால் கறுத்துவிடுவாள் என்று என் மாமியார் தடுக்கிறார்.

கறுக்கட்டும். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2019இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவைத் தொகுத்து வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் 78 சதவீதத்தினர் போதிய அளவு அசையவில்லை. பெண்பிள்ளைகளில் அது 85 சதவீதம். என் திடலிலும் அதைத்தான் காண்கிறேன். பத்து வயது வரை பையன்களைத் தோற்கடித்து ஓடிய பெண், பதின்மூன்றில் ஓரமாக நிற்கிறாள். நிறம் போய்விடும், கால் தெரியும், மாதவிடாய் வந்துவிட்டது, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அவளை நிறுத்திவிடுகின்றன. எலும்பு உறுதிப்படுவதே அந்த வயதில்தான். வெளியில் பகல் வெளிச்சத்தில் நேரம் செலவழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. நம் போன்ற தோலுக்கு வைட்டமின் டி உருவாகக் கொஞ்சம் கூடுதல் வெயிலே வேண்டியிருக்கிறது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். மாலை ஆறு மணி வெயிலில் தோலுக்குத் தீங்கு குறைவு என்று சொல்லுங்கள். நீளக் கைச்சட்டை, டிராக் பேண்ட் போட்டு ஆடலாம். மாதவிடாய் நாளில் வலி இல்லாவிட்டால் ஆடலாம், வலி இருந்தால் ஓய்வு. அம்மா தானும் ஒரு டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு இறங்கினால் மகளின் பாதித் தயக்கம் போய்விடும்.

பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். “ஓடாதே, விழுந்துடுவே” என்று உட்கார வைத்துவிடுகிறார்.

பயம் நியாயமானது, தன் பொறுப்பில் இருக்கும்போது அடிபட்டால் மகன் என்ன சொல்வானோ என்கிற கவலைதான் அது. அதனால் முதலில் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும்: “அம்மா, முட்டி சிராய்ச்சா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களும் கூட வாங்க.” அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்று அதே உலக வழிகாட்டி சொல்கிறது. பாட்டிக்கும் நடை மருந்துதான். அவர் சின்ன வயதில் ஆடிய ஆட்டங்களைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லித்தரக் கேளுங்கள்.

பையன் கொஞ்சம் குண்டு. இளைக்க வைக்க என்ன பயிற்சி?

அந்தச் சொல்லை அவன் காதுபடச் சொல்லாதீர்கள், விருந்தாளிகளையும் சொல்ல விடாதீர்கள். வளரும் பிள்ளையை இளைக்க வைப்பது நம் வேலையில்லை. உடம்பை அசைக்க வைப்பதும் இனிப்புப் பானத்தைக் குறைப்பதும்தான் நம் வேலை. தனியாக அவனை மட்டும் ஓட விடாமல் குடும்பமே சேர்ந்து நடங்கள், ஒல்லியான தங்கையும் வரட்டும். எடை பற்றிக் கவலை இருந்தால் கிளினிக்கில் உயரத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதை நாம் சும்மா விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2019இன் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 சதவீதம். தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு என்று நம் வீடுகளில் மருந்து டப்பா இல்லாத மேசையே அரிது. ஆகவே சேர்ந்து நடப்பது பிள்ளைக்காக மட்டும் அல்ல.

டியூஷன் முடியவே ஆறரை ஆகிறது. அண்ணனுக்கு ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு வேறு.

எஸ்பிஎம் ஆண்டில் விளையாட்டை முழுக்க நிறுத்துவது பழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தவனுக்கு இருபது நிமிடப் பூப்பந்து, அடுத்த ஒரு மணி நேரப் படிப்பைக் காப்பாற்றும். பள்ளிக் குழுவில் ஆடுவதைக் குறைக்கலாம், ஆனால் தினசரி அசைவை எடுத்துவிடக் கூடாது. தூக்கத்தையும் தொடாதீர்கள், பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். சின்னவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் டியூஷனைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றுதான் நினைக்கிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் ஐந்து நாள் டியூஷன் எதற்கு?

புகைமூட்டம், இடி மழை, டெங்கி. வெளியே விடவே பயமாக இருக்கிறது.

மூன்றுக்கும் கணக்கு உண்டு. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைச் சுற்றுச்சூழல் துறையின் இணையப்பக்கத்தில் மணிக்கு மணி பார்க்கலாம். 50 வரை நல்லது, 100 வரை மிதம். 100ஐத் தாண்டினால் பள்ளிகளே வெளிப்புற நடவடிக்கையை நிறுத்த வேண்டும், வீட்டிலும் அதையே பின்பற்றுங்கள்.

இடிச்சத்தம் கேட்டதும் திடலை விட்டுக் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். இடியில்லாத வெறும் தூறல் என்றால் நனையட்டும்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு விடிந்த பிறகும், பொழுது சாயும் முன்பும் மிகுதியாகக் கடிக்கும். நாம் வெளியே போகும் நேரமும் அதுதான். அதற்காக வீட்டுக்குள் அடைய வேண்டாம். கொசுவிரட்டி தடவி, நீளக் காற்சட்டை போட்டு அனுப்புங்கள், வீட்டில் பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளை ஓடலாமா?

கட்டுக்குள் இருந்தால் ஓடலாம். பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கட்டும், இன்ஹேலர் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஓடும்முன் அடிக்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

மூன்று வயதுக் குழந்தைக்கு?

நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடம், அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாடி. அந்த வயதில் தடுக்காமல் இருந்தாலே போதும். திரை நேரம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம்.

விளையாடும்போது என்ன குடிக்கக் கொடுப்பது? மைலோவா, 100பிளஸ் மாதிரி விளையாட்டுப் பானமா?

ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும். கிளம்பும்முன் ஒரு குவளை, பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து மிடறு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டி ஆடுகிற பிள்ளைக்கு மட்டும் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் உதவும். ஆட்டம் முடிந்து செண்டோல் (ஐஸ் போட்ட தேங்காய்ப்பால் இனிப்பு) கடைக்குப் போவது தப்பில்லை, எப்போதாவது போங்கள். ஆனால் “நடந்தால் செண்டோல்” என்று கூலி பேசாதீர்கள், அடுத்த வாரம் கூலி உயரும். வேண்டுமானால் அடுத்து எங்கே போகலாம் என்று முடிவு செய்யும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பாட்டில் பெரியதாக எடுங்கள், அப்பா அம்மாவுக்கும் தாகம் எடுக்கும்.